நான் எழுதிய ‘ப்ராப்பர்லி’

காலை ஷிஃப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே இசக்கி வந்துவிடுவான். நேராக நான்காம் நம்பர் பிரஸ்ஸின் பக்கத்தில் போய் நிற்பான். அந்த மெஷினின் வலது தூணில் ஒரு அட்டை தொங்கும். அட்டையில் அன்றைக்கான பரிசோதனைத் தாள் செருகியிருக்கும். தாளின் கடைசி வரி ஆங்கிலத்தில், என் கையெழுத்தில் இருக்கும்.

வலது கை ஆள்காட்டி விரலை அந்த வரிக்கு அடியில் வைப்பான். ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்துவான். உதடு அசையும், சத்தம் வராது. விரல் வரியின் கடைசிக்கு வந்ததும் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டுவான்.

பிரஸ் ஷாப்பில் மொத்தம் பதினோரு மெஷின். பதினோரு தாள். தினமும் பதினோரு முறை அதே வரியை நான் எழுதினேன். அதைப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

ஓரகடம் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று நான் புதுச் செருப்பு வாங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ‘அவ்வளவு ஆசையாகச் சேர்ந்த வேலையை ஏனம்மா விட்டீர்கள்?’ என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டுச் சூழ்நிலை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். வீட்டுச் சூழ்நிலைக்கு ஒரு குறையும் இல்லை. நான் வேலையை விட்டதற்குக் காரணம் அந்த விரல்.

‘லி’ போட்ட லெட்டர்

எனக்கு ஆங்கிலம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது.

வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பை ஒரே மூச்சில் முடித்தவர்கள் அப்போது குறைவு. நான் முடித்தேன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அட்டை கிழிந்து, முதல் பதினாறு பக்கம் இல்லாத புத்தகம். கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, மின்சார வாரியத்துக்கு என்று விதவிதமான மாதிரிக் கடிதங்கள் அதில் இருந்தன.

எல்லாக் கடிதத்திலும் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர்கள் எதையும் வெறுமனே செய்வதில்லை. விண்ணப்பத்தை ‘ட்யூலி’ நிரப்புவார்கள். சான்றிதழை ‘கரெக்ட்லி’ இணைப்பார்கள். விதியை ‘ஸ்ட்ரிக்ட்லி’ பின்பற்றுவார்கள். கையெழுத்தைக்கூட ‘ப்ராப்பர்லி’தான் போடுவார்கள். மெலிந்த வாக்கியத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டியதுபோல் இருக்கும். எனக்கு அந்தச் சட்டைகள்மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டது.

பக்கத்துத் தெரு மரியதாஸ் சித்தப்பாவுக்கு ரேஷன் கார்டில் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. மூன்று முறை தமிழில் எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. நான்காவது முறை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கத்தில் ஏழெட்டு ‘லி’ வைத்து. அந்த வாரமே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அது என் கடிதத்தால் நடந்ததா, வேறு அதிகாரி வந்ததால் நடந்ததா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சித்தப்பா மட்டும் கோயில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் என் புகழைப் பரப்பினார்.

“ஸ்டெல்லா, எனுக்கும் அந்த ‘லி’ போட்ட லெட்டரா ஒண்ணு எழுதிக் குடும்மா” என்று அதன்பிறகு பலர் வந்தார்கள். நானும் சளைக்காமல் போட்டேன். அந்த வார்த்தைகளைப் போட்டால் நாம் சொல்வது உண்மையாகத் தெரிகிறது என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். தெரிவதற்கும் இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அப்போது எனக்குப் படவில்லை.

டிக் போட்டால் போதாதாம்

கார் சீட்டுக்கு அடியில் வரும் தகடுகளைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதிலும் இந்த ஆங்கிலத்துக்காகத்தான் என்னை எடுத்தார்கள். வேலையின் பெயர் லைன் டாகுமென்ட். மெஷின் தொடும் வேலை இல்லை. தாள் எழுதும் வேலை.

பிரஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, காலால் பெடலை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். தகடு வளைந்து வரும். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் நிறுத்துவதற்கு முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் சென்சார் உண்டு. தினமும் காலையில் மெஷினை ஓடவிட்டு, நீளமான ஒரு மரக்குச்சியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். அச்சு பாதியில் நின்றால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மெஷினுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கான சாவி சூப்பர்வைசர் தனசேகரிடம் இருக்கும். மெஷின் ஓட்டுகிறவர்கள் அந்தச் சோதனையைச் செய்ய அனுமதி இல்லை. தனசேகர் குச்சி நீட்ட வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்த்துத் தாளில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதுதான் முறை.

ஒரு நாள் எங்களிடம் தகடு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்தார். டிக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டிக் யார் வேண்டுமானாலும் போடலாம், ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தனசேகர் என்னிடம் ஓடிவந்தார்.

“எம்மா, டிக்கு பத்தாதாம். இன்னாவோ எழுதணும்ன்றான். நீதான் நல்லா எழுதுவியே, கெத்தா ஒரு லைன் போட்டுடு.”

நான் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கவெல்லாம் இல்லை. அருவி மாதிரி வந்தது. ‘ஆல் சேஃப்டி டிவைசஸ் ட்யூலி செக்டு அண்ட் ஃபவுண்ட் வொர்க்கிங் ப்ராப்பர்லி.’ பாதுகாப்புச் சாதனங்களை எல்லாம் முறையாகப் பார்த்தாயிற்று, ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். அடுத்த முறை வந்த ஆடிட்டர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

வரி அழகாக வந்தபிறகுதான் கோளாறு தொடங்கியது. முதலில் சில வாரம் தனசேகரோடு மெஷின் மெஷினாக நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பிறகு ஆர்டர் கூடியது. ஏழு மணிக்கு லைன் ஓடியாக வேண்டும். தனசேகர் ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டி, “எல்லாம் ஓகே கீது, எழுதிக்கோம்மா” என்று கத்துவார். நான் இந்தக் கோடியில் என் மேசையில் உட்கார்ந்தபடியே பதினோரு தாளையும் எழுதி முடித்துவிடுவேன். போகப் போக அவர் கத்துவதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

ஒரு நாளும் உறுத்தவில்லை. அதைத்தான் இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை. டிக் போடுகிற காலத்தில், பார்க்காமல் போட்டால் கை கொஞ்சம் கூசும். அந்த வரி வந்தபிறகு கூச்சமே போய்விட்டது. இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறதே, ஒழுங்காகத்தானே இருக்கும் என்று என் எழுத்தை நானே நம்பிவிட்டேன்.

அர்த்தம் கேட்டவன்

இசக்கிக்குத் திசையன்விளைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். வல்லத்தில் நான்கு பேரோடு ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான். இரண்டு வருடம் பயிற்சியில் இருந்து, அப்போதுதான் பெர்மனென்ட் ஆகி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து அம்மா அனுப்பும் கருப்பட்டியைப் பொட்டலம் கட்டி லைனில் எல்லோருக்கும் கொடுப்பான். எதையும் மெதுவாகச் செய்வான். பையன்கள் அவனை ‘பாசஞ்சர்’ என்று கூப்பிடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை.

சேர்ந்த அன்று பாதுகாப்பு வகுப்பில் ‘தாளைப் படி, பிறகு கை வை’ என்று சொல்லித்தருவார்கள். எல்லோருக்கும்தான் சொல்கிறார்கள். கேட்டு நடந்தவன் அவன்.

ஒரு நாள் டீ நேரத்தில் என் மேசைக்கு வந்தான்.

“யக்கா, கடைசில ஒரு வார்த்த போடுதியள்லா, அதுக்கு என்ன அர்த்தம்? மத்ததெல்லாம் தெரியுது.”

“எது, ப்ராப்பர்லியா? ஒழுங்கான்னு அர்த்தம் இசக்கி. சரியா, முறையா, ஒரு கொறையும் இல்லாம.”

“அப்ப அத போடாம, வேல செய்யுதுன்னு மட்டும் எழுதுனா?”

“அது சும்மா வேல செய்யுதுன்னு ஆயிடும். இத போட்டாதான் நாம நல்லா பாத்திருக்கோம்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்.”

அவன் தலையாட்டினான். “நல்ல வார்த்தக்கா” என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துவிட்டுப் போனான்.

இந்த உரையாடலை நான் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. ‘நாம நல்லா பாத்திருக்கோம்.’ என்ன திமிர் எனக்கு.

ஒரு திங்கட்கிழமை

மாதம் நினைவிருக்கிறது, சொல்லப் பிடிக்கவில்லை. வெயில் காலம். திங்கட்கிழமை. காலையில் வழக்கம்போல் பதினோரு தாளும் எழுதினேன். மை தீரப்போகும் பேனா என்பதால் நான்காம் தாளில் கடைசி வார்த்தை மங்கலாக விழுந்தது. அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

பத்தரை மணி இருக்கும். பிரஸ் ஷாப்பில் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. பழகியவர்களுக்கு அது காதில் விழாது, நின்றால்தான் விழும். நின்றது. ஒவ்வொரு மெஷினாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து பார்த்தபோது நான்காம் பிரஸ்ஸைச் சுற்றி நீலச் சட்டைகளாக இருந்தன.

ஒரு தகடு உள்ளே சிக்கியிருக்கிறது. எடுக்கக் கையை விட்டிருக்கிறான். ஒரு முறை இறங்கி நிற்க வேண்டிய அச்சு, தானாக மறுபடியும் இறங்கிவிட்டது. கையுறையைப் பார்த்தேன். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் முழுதாகவும் பெருவிரலின் நுனியும் போய்விட்டன.

அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அலறவில்லை. “பாத்துட்டுத்தான வச்சேன், பாத்துட்டுத்தான வச்சேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனான். என்னத்தைப் பார்த்தான் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மதியம் தனசேகர் என் மேசை ஓரமாக வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“சனிக்கெழம செகண்ட் ஷிஃப்ட்ல அந்த சென்சாரு சும்மா சும்மா நிறுத்திக்கினே இருந்துச்சாம். மெயின்டனென்ஸ்காரன் அத கழட்டி உட்டுட்டான். சென்சாரு நல்லா கீற மாரி பச்ச லைட்டு மட்டும் எரியும். திங்கக்கெழம மாட்டிக்கலாம்னு இருந்துக்கிறானுங்க. எனுக்கு சத்தியமா தெரியாதும்மா.”

“காலைல நீங்க குச்சி உட்டுப் பாக்கலியா?”

“நீ பாத்தியா?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

விபத்து நடந்த அரை மணி நேரத்தில் சென்சாரை யாரோ திரும்ப மாட்டிவிட்டார்கள். ஆக, அன்று காலை அது எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி என் தாள். தூணில் தொங்கிய அந்தத் தாள். அதில் அழுத்தி எழுதிய அந்தக் கடைசி வார்த்தை.

மேலும் ஒரு வார்த்தை கேட்டார்கள்

மூன்றாம் நாள் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். குரல் உயர்த்தாத மனிதர். உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்தார்.

“சென்சார் நல்லா இருந்திருக்கு, உங்க ஷீட்ல தெளிவா இருக்கு. அப்ப கையை விட்டது அந்தத் தம்பியோட கவனக்குறைவுதானே? விசாரணை வைக்கணும். நீங்க ஒரு சின்ன ஸ்டேட்மென்ட் மட்டும் கொடுத்துடுங்க.”

“விசாரணையில என்ன சார் ஆகும்?”

“அலட்சியம்னு முடிவானா வேலையில வச்சுக்க முடியாதும்மா. மத்தவங்களுக்கும் ஒரு பாடம் இருக்கணும்ல.”

வெள்ளைத் தாளை நீட்டினார். நான் எழுதினேன். மெஷினைச் சரிபார்த்தேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

“உங்களுக்கு நான் சொல்லணுமா? ‘பர்சனலி’ன்னு ஒண்ணு சேத்துடுங்களேன். ‘பர்சனலி அண்ட் ப்ராப்பர்லி.’ அப்பதான் ஸ்ட்ராங்கா இருக்கும்.”

ஆயுள் முழுக்க அந்த வார்த்தைகளை ஊருக்கெல்லாம் இலவசமாகப் போட்டுக் கொடுத்தவள் நான். முதல்முறையாக ஒருவர் என்னிடம் கேட்டு வாங்கினார். சேர்த்தேன். பயந்துதான் சேர்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் விரல் போனது என்னால் என்று ஆகிவிடும் என்ற பயம். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை.

அன்று சாயங்காலம் அந்தோணியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஆங்கிலம் என்றால் போர்டு படிப்பதோடு சரி. வேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. வூட்ட பூட்னியான்னு நான் கேட்டா, நீ இன்னா சொல்லுவ?”

“பூட்டுனேன்னு சொல்லுவேன்.”

“எப்பவாச்சும் ‘நல்லாத்தான் பூட்னேனே’ன்னு சொல்லுவல்ல, அன்னிக்கு நான் வண்டிய திருப்பிக்கினு வந்து பாப்பேன். பத்துக்கு எட்டு வாட்டி தெறந்துதான் கெடக்கும்.”

சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

வல்லத்து அறை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு இசக்கியின் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கூட இருந்த பையன்கள் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார்கள். கயிற்றுக் கொடியில் நான்கு கம்பெனியின் சட்டைகள் தொங்கின. பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை மடியில் இருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

“வாங்கக்கா. இரிங்க” என்று பாயைத் தள்ளிப் போட்டான். “அம்மா தெனமும் போன்ல கேக்கா. ‘நீ எதையும் பாத்துப் பாத்துச் செய்யுத புள்ளையாச்சேல, எப்பிடிக் கைய விட்ட’ன்னு கேக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலக்கா.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

“நான் யோசிச்சுப் பாத்தேன். மிஷின்ல தப்பு இல்ல. நீங்க பாத்து, ஒழுங்கா இருக்குன்னு எழுதியிருந்தியள்லா. காலைல நான் வாசிச்சேம்லா. அப்ப நாந்தான் என்னமோ தப்பு பண்ணியிருக்கேன். எந்த எடத்துலன்னுதான் பிடிபடல.”

கம்பெனி அவன்மேல் பழி போட்டதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. அவனே தன்மேல் போட்டுக்கொண்டிருந்தான். தன் கையை நம்பாமல் என் வரியை நம்பிக்கொண்டிருந்தான். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தயார் செய்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. வாசல் படியில் செருப்பை மாட்டத் தெரியாமல் இரண்டு நிமிடம் தடுமாறினேன்.

ஒரே ஒரு கேள்வி

விசாரணை பயிற்சி அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். நரைத்த மனிதர், நிதானமானவர். பக்கத்தில் டைப் செய்ய ஒரு பெண். எதிரில் இசக்கி. எச்.ஆர். மேனேஜர் ஓரமாக. சுவரில் ‘பாதுகாப்பே முதல்’ என்று பெரிய எழுத்தில் போர்டு. எங்களுடைய போர்டுகளில் எப்போதும் எழுத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

என் ஸ்டேட்மென்ட்டை வாசித்தார்கள். பர்சனலி, ப்ராப்பர்லி எல்லாம் கணீர் என்று அந்த அறையில் விழுந்தன. இது நீங்கள் எழுதியதா என்றார் வக்கீல். ஆமாம் என்றேன்.

அவர் இசக்கியைப் பார்த்தார். “தம்பி, சாட்சிய நீங்க கேள்வி கேக்கலாம். அது உங்க உரிமை. எதாவது கேக்கணுமா?”

அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் எழுந்து நின்றான். அவனுக்கு உட்கார்ந்து கேட்கத் தோன்றவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சார்.” என் பக்கம் திரும்பினான். “யக்கா, அன்னைக்குக் காலைல நீங்க பாத்தியளா?”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. மடக்க வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல அவனுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

“பாக்கல” என்றேன்.

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் நிறுத்தவில்லை. “நான் எழுந்திரிச்சே போகல சார். என் மேசையில உக்காந்து பதினோரு தாளும் எழுதுனேன். ரொம்ப நாளா அப்படித்தான் எழுதிகிட்டிருந்தேன். அந்த மெஷின் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

வக்கீல் டைப் செய்கிற பெண்ணிடம் திரும்பி, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ‘தி விட்னஸ் டிட் நாட் ப்ராப்பர்லி செக் தி மெஷின்.’

எனக்கு அந்த வார்த்தையை முப்பது வருடமாகத் தெரியும். அது எங்கே போய் நின்றால் என்ன வேலை செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

“சார், அந்த ப்ராப்பர்லி வேண்டாம். எடுத்துடுங்க.”

“ஏம்மா? நீங்க சொன்னதுதானே?”

“இல்ல சார். அத போட்டா நான் கொஞ்சமாச்சும் பாத்தேன்னு ஆயிடும். ஏதோ சரியா பாக்கல, அவ்ளோதான்னு போயிடும். நான் பாக்கவே இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஒரே பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். எட்டு எழுத்து. நான் எண்ணினேன்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தாள் பொய் என்று ஆனதும் சனிக்கிழமை நடந்ததைத் தோண்ட வேண்டியதாயிற்று. தனசேகரும் வாயைத் திறந்தார். இசக்கியை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். அது நல்ல முடிவு என்று நான் சொல்லமாட்டேன். விரல் வரவில்லையே. பொய் ஸ்டேட்மென்ட் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழில் இரண்டு வரியில் பதில் எழுதி, ராஜினாமாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது மாம்பாக்கம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் அதே மாதிரி தாள்தான் எழுதுகிறேன். மெஷின்முன் நின்றுகொண்டு எழுதுகிறேன். ‘செக்டு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் ஆங்கிலம் மொட்டையாக இருக்கிறது என்று அங்கே ஒரு இன்ஜினீயர் குறைப்படுகிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த விசாரணை அறையை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை. அச்சடித்த தாளை வக்கீல் இசக்கியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். படிக்கத் தேவையில்லை, கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் மேனேஜர். இசக்கி படித்தான். கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தாளின்மேல் வைத்தான். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தைத் தாண்டி நடுவிரல் நீண்டுகொண்டிருந்தது. அதை வரிக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்தினான். உதடு அசைந்தது. நான் சொன்னதை எழுதியிருந்த வரிக்கு வந்ததும் நின்றான். முன்னும் பின்னும் விரலை ஓட்டித் தேடினான்.

“அந்த வார்த்த இல்லியேக்கா.”

“இல்ல இசக்கி. எடுத்தாச்சு.”

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். எப்போதும்போல் மெதுவாக. பிறகு இடது கையால் பேனாவைப் பிடித்து, கோணலாகத் தன் பெயரை எழுதினான். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

“அப்ப நான் ஒழுங்காத்தாம் பண்ணியிருக்கேன், இல்லியாக்கா?”

“ஆமாம்ப்பா” என்றேன். “நீ ஒழுங்காதான் பண்ண.”